காட்டுத்தீயும் வீடிழந்தோர் மீட்சியும்

முன்னுரை

உண்ண உணவு, உடுக்க உடை, இருக்க இடம் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று தொடக்கப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இம்மூன்றையும் ஒரே நாழிகையில் பறித்துவிட வல்லது தீ. வெள்ளம் வடிந்தபின் சேற்றைக் கழுவினால் பாத்திரமாவது கிடைக்கும். புயல் ஓய்ந்தபின் சுவராவது நிற்கும். தீ புகுந்து வெளியேறிய வீட்டில் சாம்பலே பெரும்பங்கு. ஆயினும் வீடிழந்தோர் மீண்டும் எழத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு எது துணை நிற்கிறது, அத்துணையில் படித்தவர்களின் பங்கு யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழனி மலைத்தொடரில் கொடைக்கானலை அடுத்த பள்ளங்கி என் ஊர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். வேதியியல் வகுப்பில் கற்றதையும் எங்கள் மலையில் கண்டதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

மலையில் தீ பற்றும் காலம்

வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்கிறது. அதன்பின் இரவில் விழும் உறைபனி புல்லின் நுனியைக் கருக்குகிறது. மாசி, பங்குனி வெயிலில் அந்தப் புல் வைக்கோலாகக் காய்கிறது. அப்போது அணைக்காத ஒரு பீடித் துண்டு போதும்.

பழனி மலையின் இயற்கைக் காடு சோலையும் புல்வெளியும் கலந்தது. சோலை ஈரம் மிகுந்தது, எளிதில் தீப்பற்றாது. வெள்ளையர் ஆட்சியிலும் அதற்குப் பின்னரும் இங்கு வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. யூகலிப்டஸ் இலையில் எளிதில் ஆவியாகும் எண்ணெய் உண்டு. பைன் மரம் உதிர்க்கும் ஊசியிலைகள் தரையில் மெத்தைபோல் படிகின்றன. ஆள் புழங்காத பட்டா நிலங்களில் உண்ணிச்செடி மண்டுகிறது. இவை யாவும் தீக்கு விறகு.

சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து ஏறும். சுடர் மேட்டிலுள்ள புல்லின் பக்கம் சாய்ந்து, அது எரிவதற்கு முன்பே அதைச் சுடவைத்து உலர்த்திவிடுவதே இதற்குக் காரணம். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட தீயில் மலையேற்றம் சென்றவர்களில் 23 பேர் உயிரிழந்ததை நாடு மறக்கவில்லை. 2024 ஏப்ரல் இறுதியில் கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பகுதிகளிலும் காட்டுத்தீ நாள் கணக்கில் எரிந்தது.

வீடு எரிவது எங்ஙனம்?

காட்டுத்தீ பெரிய சுவர்போல் வந்து வீட்டை விழுங்குகிறது என்றே பலரும் எண்ணுகிறோம். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் இதை நெடுநாள் ஆராய்ந்தார். பெரும்பாலான வீடுகளை எரிப்பது காற்றில் பறந்து வரும் கங்குகளும், வீட்டை ஒட்டியுள்ள சிறு எரிபொருள்களுமே என்று அவர் காட்டினார். வீடு எரியுமா தப்புமா என்பதை வீடும் அதைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 30 மீட்டர் நிலமுமே பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது அவருடைய முடிவு. கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரை 2018 நவம்பர் 8 அன்று தீ தாக்கியது. 85 பேர் இறந்தனர். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அங்கே வீடு சாம்பலாகிக் கிடக்க, பக்கத்து மரம் பச்சையாக நின்ற காட்சிகள் பல.

நம் மலையில் இந்த 30 மீட்டருக்குள் என்னென்ன இருக்கின்றன? தாழ்வாரத்தில் விறகுக் கட்டு, கொல்லையில் வைக்கோல், கூரைமேல் உதிர்ந்த சருகு. இவற்றோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகள் பலவற்றுக்கு ஓடையிலிருந்து பிளாஸ்டிக் குழாய் வழியாகவே தண்ணீர் வருகிறது. காட்டுக்குள் தீ போனால் முதலில் உருகுவது அந்தக் குழாய்தான். தண்ணீர் மிகவும் தேவைப்படும் வேளையில் தண்ணீர் நின்றுவிடுகிறது. ஆகவே கோடை தொடங்கும் முன்பே வீட்டருகே ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் வைத்திருப்பது அறிவுடைமை.

சாம்பல் சொல்லும் வேதியியல்

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஆண்டு, மாசி மாதத்தில் எங்கள் வீடு எரிந்தது. மண்சுவரும் தகரக் கூரையும் கொண்ட வீடு. அனைவரும் தோட்டத்தில் இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. மறுநாள் சாம்பலைக் கிளறியபோது கண்டவற்றின் பொருள் கல்லூரிக்கு வந்த பின்னரே எனக்கு விளங்கிற்று.

அலுமினியப் பானைகள் உருகித் தரையில் அப்பளம்போல் படிந்திருந்தன. அப்பத்தாவின் பித்தளைக் குடமோ கறுத்துப்போய் முழுதாகக் கிடந்தது. அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகும். பித்தளை உருக 900 டிகிரிக்கு மேல் வேண்டும். வெள்ளி 962 டிகிரியிலும் தங்கம் 1064 டிகிரியிலும் உருகுகின்றன. எனவே தோடு, மூக்குத்தி போன்றவை சாம்பலில் மிஞ்சியிருக்க இடமுண்டு. அவசரப்பட்டுச் சாம்பலை வாரிக் கொட்டாமல் சல்லடையில் சலித்துப் பார்க்க வேண்டும்.

தகரப் பெட்டியில் வைத்திருந்த காகிதங்கள் கருகிவிட்டன. இரும்பு எரியாது, ஆனால் வெப்பத்தை உள்ளே கடத்திவிடும். கூரைத் தகரம் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அதன் துத்தநாகப் பூச்சு 420 டிகிரியிலேயே உருகிவிடுமாதலால், மீண்டும் அதை வேய்ந்தால் விரைவில் துருப்பிடிக்கும். விறகுச் சாம்பல் தண்ணீரில் கரைந்தால் காரத்தன்மை அடைந்து தோலைப் புண்ணாக்கும். கல்நார் ஓடு வெடித்த இடத்தில் நுண்ணிய நார்கள் பறக்கும். அவை நுரையீரலுக்குக் கேடு. ஆகவே தூசு எழாதபடி நீர் தெளித்து, முகமூடியும் செருப்பும் அணிந்து வேலை செய்தல் வேண்டும். சுவருக்குள்ளும் மரத்தூணின் அடியிலும் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

எரிந்ததை எழுதுதல்

வீடிழந்தோர் அடுத்துச் செய்ய வேண்டியது எரிந்தவற்றின் பட்டியலை எழுதுவது என்பேன். சாம்பலை அள்ளும் முன்பு நாற்புறமும் படம் எடுக்க வேண்டும். பிறகு அறை அறையாக நினைவுகூர்ந்து எழுத வேண்டும். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். பாத்திரம், படுக்கை, மண்வெட்டி, மருந்து தெளிக்கும் கருவி, குடும்ப அட்டை, என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் என்று பட்டியல் நீண்டது. அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த அப்பத்தா அப்போதுதான் வாய் திறந்தார்.

“எழுதுறதுதான் எழுதுற, வெதப்பூண்டையும் எழுதுய்யா. பரண் நெறயக் கெடந்துச்சே.”

கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அடுத்த போகத்துக்கான விதைப்பூண்டை அடுப்புப் புகை படும்படி வீட்டுக்குள் கட்டித் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். வீடு எரிந்தால் அடுத்த விளைச்சலும் அன்றே எரிந்துவிடுகிறது. பட்டியல் எழுதியதால்தான் அந்த இழப்பு ஊருக்குத் தெரிந்தது. அந்த வாரமே வீட்டுக்கு ஒரு கட்டு வீதம் விதைப்பூண்டு எங்கள் வாசலுக்கு வந்தது. கொடுத்தவர்களில் ஒருவர்கூட அதை உதவி என்று சொல்லவில்லை. “அறுத்ததும் திருப்பிக் குடு” என்றே சொன்னார்கள்.

பதிவேட்டில் ஒரு சொல்

பேரிடர் நிவாரணத்தில் தீயும் சேரும். 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய அரசு வகுத்த நெறிமுறைப்படி, மலைப்பகுதியில் முழுதும் அழிந்த வீட்டுக்கு 1,30,000 ரூபாய். சமவெளியில் 1,20,000 ரூபாய். குடிசைக்கு 8,000 ரூபாய். உடைக்கும் பாத்திரத்துக்கும் குடும்பத்துக்குத் தலா 2,500 ரூபாய்.

வீடு, குடிசை என்னும் இரண்டு சொற்களுக்கு இடையே எவ்வளவு தொலைவு என்பதைக் காண்க! எங்கள் வீட்டுக்கு வரி கட்டிய பதிவு ஊராட்சிப் பதிவேட்டில் இருந்தது. வீடு என்றே கணக்கில் ஏறிற்று. அதே தீயில் எங்களுக்கு இரண்டு தோட்டம் தள்ளியிருந்தவரும் வீடிழந்தார். அவருக்குக் கதவு எண் இல்லை, வரி ரசீது இல்லை. அவருடைய இருப்பிடம் குடிசை என்று எழுதப்பட்டது. இரு வீட்டிலும் அடுப்பு எரிந்தது. இரு வீட்டிலும் பிள்ளைகள் உறங்கின. வேறுபாடு ஒரு தாளில் இருந்தது. அந்தத் தாளின் அருமையை அவருக்கு முன்கூட்டி எடுத்துச் சொல்ல எவரும் இல்லை.

இழந்த தாள்களை மீட்க வழி உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவித்து, தீயணைப்பு நிலையத்தில் தீ விபத்து அறிக்கையும் காவல் நிலையத்தில் மனு ஏற்புச் சான்றும் பெற்றுக்கொள்ள வேண்டும். பேரிடரில் கல்விச் சான்றிதழ் இழந்தமைக்கான சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அதைக் கொண்டு பள்ளித் தலைமையாசிரியர் மூலம் மறுபடி பெறலாம். பத்திரத்தின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். பட்டாவை இணையத்திலேயே எடுக்கலாம். கருகி நொறுங்கும் ரூபாய் நோட்டை வங்கிக் கிளையில் மாற்ற இயலாது. அதை ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்தில்தான் கொடுக்க வேண்டும். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பின் இழந்த சான்றிதழ்களை வழங்க அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது. ஓர் ஊரில் பல வீடுகள் எரிந்தால் இத்தகைய முகாம் வேண்டுமென்று கூட்டாகக் கேட்கலாம்.

உள்ளம் தேறும் வழி

வீடிழந்தவர்க்கு உறக்கம் வராது. புகை நாற்றம் பட்டால் நெஞ்சு படபடக்கும். காரணமின்றிக் கோபம் வரும். இவை நோயல்ல, பேரிழப்பை அடுத்து இயல்பாக எழுபவை. பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தணியும். ஒரு திங்களுக்கு மேலும் தணியாமல் அன்றாட வேலையைக் கெடுத்தால் மருத்துவரை நாடுதல் வேண்டும். 14416 என்னும் எண்ணில் அரசின் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட கையேடு, துயருற்றோர்க்கு அளிக்கும் முதலுதவியை மூன்று சொற்களில் அடக்குகிறது: பார், கேள், இணை. என்ன தேவை என்று பார், அவர் சொல்வதைக் கேள், உதவக்கூடியவரோடு இணை. நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தலாகாது. “உயிர் தப்பியதே பெரிது” என்று ஆறுதல் சொல்வோர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேட்பவருக்குத் தம் இழப்பைப் பேசவே உரிமையில்லை என்று தோன்றிவிடும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று மூண்ட தீயில் 173 பேர் இறந்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அம்மக்களை மெல்போர்ன் பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். பெரும்பாலோர் தேறினர், கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஊர்களில் ஒரு பகுதியினர்க்கு மூன்று நான்கு ஆண்டுகள் கழிந்தும் மனத்துயர் நீங்கவில்லை. உள்ளூர்ச் சங்கங்களிலும் குழுக்களிலும் சேர்ந்திருந்தோரின் மனநலம் பொதுவாக மேலாக இருந்தது. திருப்பிக் கொடுக்கும்படி விதைப்பூண்டு கொடுத்த எங்கள் ஊராரின் செயலை இந்த ஆய்வோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். வாங்கியவன் இரவலன் ஆகவில்லை. அடுத்த அறுவடைக்கு ஒரு கடமை உள்ளவன் ஆனான். கடமை உள்ளவனுக்குக் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கிறது.

முடிவுரை

அன்பார்ந்த மாணவ நண்பர்களே! நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் தம் குடும்பத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். மலையில் தீ என்றால் சமவெளியில் வெள்ளம், கடலோரத்தில் புயல். எந்த ஊரிலும் அடுப்பங்கரை முதல் பரண் வரை இருந்ததை எல்லாம் நெஞ்சில் வைத்திருக்கும் தாய்மார் உண்டு. அதைத் தாளில் ஏற்றும் கைகளே குறைவு.

ஆகவே இந்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது மூன்று வேலைகளை மேற்கொள்வோம். முதலாவது, நம் வீட்டிலும் அக்கம்பக்கத்து வீடுகளிலும் உள்ள தாள்களின் எண்களைக் குறித்து, படியெடுத்து, வேறோர் ஊரில் உள்ள உறவினர் வீட்டில் ஒரு படி வைப்போம். இரண்டாவது, வரி ரசீதும் கதவு எண்ணும் இல்லாத வீடுகளுக்கு ஊராட்சியில் கொடுக்க விண்ணப்பம் எழுதித் தருவோம். மூன்றாவது, மாசி பிறக்கும் முன் வீட்டைச் சுற்றியுள்ள சருகையும் விறகையும் அகற்றித் தொட்டியில் நீர் நிரப்புவோம்.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு குறிப்பேடும் ஓர் எழுதுகோலும் சில மாலைப் பொழுதுகளும் போதும். நம்மைப் படிக்க வைத்தவர்கள் நம்மிடம் முதலில் எதிர்பார்ப்பதும் இந்த எழுத்தைத்தான்.