கெலுகோர் மின்நிலையமும் பால்மரக்காடும்

பினாங்குப் பாலம் தீவைத் தொடும் இடத்துக்கு அருகே, கெலுகோர் கடலோரத்தில், இயற்கை எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் ஆக்குவதற்கென மின்நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. கெலுகோரில் எரிவாயுக் கிணறு இல்லை. பினாங்கு மாநிலம் முழுவதிலும் இல்லை. அவ்வாறாயின், எரிபொருள் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காண முற்பட்டால், ரப்பர்த் தோட்டத்தில் உழைப்போரின் வருவாய்க்கும் எண்ணெய்க்கும் உள்ள தொடர்பும் விளங்கும்.

நம் நாட்டின் முதல் எண்ணெய்க் கிணறு சரவாக்கில், மீரி நகரையொட்டிய குன்றின்மேல் தோண்டப்பட்டது. 1910 டிசம்பரில் அதிலிருந்து எண்ணெய் வரத் தொடங்கிற்று. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் கடலடியை நாடினர். 1970-ஆம் ஆண்டுகளின் இறுதியில் திரங்கானுக் கடலிலும் எண்ணெய் எடுக்கப்பட்டது. இதற்கிடையே, 1974-இல் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, பெட்ரோனாஸ் நிறுவப்பெற்றது.

திரங்கானுக் கடலில் கிடைக்கும் எரிவாயு, கெர்த்தே என்னும் ஊரில் கரைசேர்ந்து தூய்மைப்படுத்தப்படுகிறது. பின்னர் குழாய்களின் வழியே தெற்கே சிங்கப்பூர் வரையிலும், மேற்குக் கரையோரமாக வடக்கே பெர்லிஸ் வரையிலும் செல்கிறது. இந்தக் குழாய்த்தொடரே வட மாநிலங்களுக்கு எரிவாயுவைக் கொண்டுவந்தது. மின்நிலையத்தில் எரிவாயு எரிந்து ஒரு சுழலியைச் சுழற்றுகிறது. அதிலிருந்து வெளிவரும் வெப்பக் காற்றைக் கொண்டு நீரைக் கொதிக்கவைத்து, அந்நீராவியால் மற்றொரு சுழலியையும் இயக்குவர். இதனால் ஒரே எரிபொருளிலிருந்து கூடுதலான மின்சாரம் கிடைக்கிறது.

எண்ணெய் உள்ள நாடு, வெளிநாட்டு எண்ணெயை ஏன் வாங்க வேண்டும் என்று சிலர் வினவலாம். எல்லா எண்ணெயும் ஒரே தன்மையுடையதன்று. நம் கடலில் கிடைப்பது கந்தகம் குறைந்த, இலேசான எண்ணெய். அதற்கு வெளிநாட்டில் நல்ல விலையுண்டு. ஆகவே அதில் ஒரு பகுதியை விற்று, சவூதி அரேபியா போன்ற நாடுகளின் கனமான எண்ணெயை வாங்கி, மலாக்கா, பெங்கெராங் ஆகிய இடங்களிலுள்ள ஆலைகளில் சுத்திகரிக்கின்றனர்.

ஒரே எரிபொருளை நம்பியிருப்பது ஆபத்து என்பதை 1973-ஆம் ஆண்டு உலகுக்கு உணர்த்திற்று. அவ்வாண்டு மத்திய கிழக்கில் மூண்ட போரையடுத்து, சில மாதங்களுக்குள் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அப்போது நம் மின்சாரத்தின் பெரும்பகுதி எண்ணெயிலிருந்தே கிடைத்தது. ஆதலால், 1981-இல் எண்ணெய், எரிவாயு, நீர்வலிமை, நிலக்கரி ஆகிய நான்கையும் பயன்படுத்தும் கொள்கை வகுக்கப்பட்டது. பேராக்கின் தெமெங்கோர், திரங்கானுவின் கென்யிர் ஆகிய அணைகள் நீரால் மின்சாரம் தருகின்றன. பேராக்கின் மஞ்சோங் நிலையத்துக்கு இந்தோனேசியா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து நிலக்கரி வருகிறது.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். 1942-இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் அமெரிக்காவுக்கு இயற்கை ரப்பர் கிடைப்பது அரிதாயிற்று. உடனே அந்நாடு பெட்ரோலியப் பொருள்களிலிருந்து செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்யத் தொடங்கிற்று. அன்று முதல் எண்ணெய்க் கிணறும் பால்மரமும் ஒரே சந்தையில் போட்டியிடுகின்றன. எண்ணெய் விலை ஏறினால் செயற்கை ரப்பரின் அடக்கவிலை ஏறும். டயர் செய்வோர் இயற்கை ரப்பரை நாடுவர். 2008 ஜூலையில் ஒரு பீப்பாய் எண்ணெய் 147 டாலரைத் தொட்டபோது ரப்பரும் நல்ல விலைக்கு விற்றது. ஆண்டு முடிவதற்குள் இரண்டும் சரிந்தன. ஆயினும் எண்ணெய் மட்டுமே ரப்பர் விலையை முடிவு செய்வதில்லை. வாகன விற்பனை, மழை, பிற நாடுகளின் விளைச்சல் ஆகியவையும் விலையை மாற்றும்.

மற்றொரு பக்கமும் உண்டு. பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அமோனியாவும், மரத்துக்கு இடும் யூரியாவும் எரிவாயுவிலிருந்து செய்யப்படுபவை. கெடா மாநிலத்தின் குரூணில் இவற்றைச் செய்யும் ஆலை உள்ளது. பாலை ஏற்றிச்செல்லும் லாரிக்கோ டீசல் வேண்டும். எண்ணெயும் எரிவாயுவும் விலையேறும்போது இச்செலவுகளும் கூடும்.

ஆகவே, எண்ணெய் விலை ஏறிற்று என்று வானொலியில் கேட்டவுடன் மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். ரப்பர் விலை எவ்வளவு ஏறிற்று, உரமும் போக்குவரத்தும் எவ்வளவு ஏறின என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சொந்தமாகச் சில ஏக்கர் வைத்திருப்போருக்கு இக்கணக்கு மிகவும் இன்றியமையாதது.