கீசர் வயர் கருகினால்...

சாத்தூர் வெயிலுக்குக் கீசர் எதற்கு என்பார்கள். மார்கழியில் விடியற்காலை பட்டாசு ஆலை வேனைப் பிடிக்க ஓடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்!

பிளக் பின் கறுத்து, வயர் தோல் உருகியிருந்தால் இன்சுலேஷன் டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டினால் கருகத்தான் செய்யும். 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், தனி எம்.சி.பி. மூன்றும் தேவை.

மெயினை அணைத்துவிட்டு, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கருகிய துண்டை வெட்டி, முறுக்கி ஒட்டுகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். டெர்மினல் வரை வயரை முழுதாக மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் குற்றவாளி தளர்ந்த டெர்மினல் ஸ்க்ரூதான். அதை முடுக்காமல் விட்டால் புது வயரும் கருகும்.

நம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. எலிமென்ட்டில் வெள்ளையாகப் படிந்து, உறை வெடித்தால், மின்சாரம் தண்ணீரில் கசியும். குழாயைத் தொட்டதும் சுர்ரென்றால் அன்றே நிறுத்திவிடுங்கள். எர்த் வயரும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத கீசர் ஆபத்து. கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்கும்போது எர்த் குழியும் காயும். அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

வேலை முடிந்ததும் வெந்நீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.