ரேடாருக்கு அப்பால்

அன்புள்ள தம்பிக்கு,

வேலையில் சேர்ந்ததிலிருந்து நாள் முழுக்க ரேடார் முன்னால்தான் என்று எழுதியிருந்தாய். நல்ல பழக்கம்தான். ஆனால் ரேடார் சில நூறு கிலோமீட்டர் எட்டினாலே பெரிது. வானிலை கணிக்கும் நம் தொழிலில் பல நேரம் சங்கதி அதற்கு வெளியே நடந்து முடிந்திருக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2014 நவம்பர் 17 தொடங்கி, அமெரிக்காவின் பஃபலோ நகரத்துத் தென்புறத்தில் ஐந்தடிக்கும் மேல் பனி கொட்டியது. ஈரி ஏரியின் வெதுவெதுப்பான நீர்மேல் கடுங்குளிர்க் காற்று ஓடினால் பனி பெய்யும். அது அந்த ஊருக்குப் பழகிய கதை. நவம்பர் நடுவிலேயே அவ்வளவு குளிர் எப்படி இறங்கியது? அதற்கு மேற்குப் பசிபிக்கைப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் கடைசியில் பிலிப்பைன்ஸ் கடலில் நூரி என்ற புயல் உருவானது. ஜப்பானை ஒட்டி வடகிழக்கே திரும்பி, வெப்பமண்டலப் புயலின் குணமெல்லாம் இழந்து, பெரிங் கடலுக்குள் போய், மைய அழுத்தம் 924 மில்லிபார் வரை இறங்க வலுத்தது. மழையாகும் ஈரம் விட்ட வெப்பத்தால் உயரே விரிந்து வெளியேறிய காற்று, சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஜெட் காற்றை வடக்கே தள்ளியது. துணிக்கொடியின் ஒரு முனையைச் சுண்டினால் நெளிவு மறுமுனைக்கு ஓடுமே, அதுபோல. அலாஸ்கா பக்கம் அந்த ஓட்டம் வடக்கே புடைத்தது. அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் தெற்கே குழிந்தது. குழிவின் வழியாக ஆர்க்டிக் குளிர் சரிந்தது. இந்த நெளிவுகளுக்குத்தான் ராஸ்பி அலை என்று பெயர்.

முழுப் பழியையும் நூரி மேல் போட மாட்டேன். எல்லாப் புயலும் இப்படிச் செய்வதில்லை. ஜெட் காற்றின் வளைவில் எந்த இடத்தில், எந்த நேரத்தில் போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்தது அது. ஒரு நாள் பிந்தினால் ஒன்றுமே நடக்காமலும் போகும். செயற்கைக்கோள் படத்தில் ஒரு சுழலைப் பார்த்ததும் 'பதினைந்து நாளில் நியூயார்க்கில் பனி' என்று எழுதுகிறவர்கள் செய்வது ஜோசியம். புயல் திரும்பும் நாட்களில் கணினி மாதிரிகள் ஒன்றுக்கொன்று முரண்படும். அந்த முரணையும் சேர்த்தே மக்களுக்குச் சொல், மறைக்காதே.

ஜெட் காற்றை நெளிக்கப் புயலே வேண்டுமென்பதும் இல்லை. 1971இல் மேடன், ஜூலியன் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்த அலைவின் மேகக் கூட்டம், 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை இந்தியப் பெருங்கடலிலிருந்து பசிபிக் நோக்கி நகர்ந்தபடியே இதே வேலையைச் செய்கிறது. நம் வடகிழக்குப் பருவமழையும் அதன் வரவைப் பார்த்துச் சில நாள் வலுக்கும், சில நாள் மெலியும்.

ரேடாரையும் கைவிட்டுவிடாதே. அதே பனியில் பஃபலோவின் வடபகுதிக்குக் கிடைத்தது சில அங்குலம்தான். குளிர் வருவதைப் பசிபிக் சொல்லும். பனி எந்தத் தெருவில் என்பதை ரேடார்தான் சொல்லும்.

இந்த வாரம் ஓய்வு கிடைத்தால், 2014 நவம்பர் 1 முதல் 18 வரையிலான மேல்வளிமண்டல வரைபடங்களை நாள்வாரியாக எடுத்து, ஜெட் காற்றின் நெளிவைப் பென்சிலால் வரைந்து எனக்கு அனுப்பு.