இளம் சின்னத்திரை நடிகைக்கு ஒரு கடிதம்: ராதிகாவின் பணிவாழ்க்கையை முன்வைத்து

தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் முதன்முறையாக ஒப்பந்தமாகவிருக்கும் இளம் நடிகையின் கவனத்திற்கு,

திரைப்படத்திலிருந்து தொலைக்காட்சிக்கு வருவது இறங்குமுகம் என்னும் எண்ணம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றிவிட்டதால், தொடரில் நடிக்க வருபவர் பலரும் அதை வெள்ளித்திரை வாய்ப்பு வரும்வரை காத்திருக்கும் இடமாகவே கருதுகின்றனர். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு ராதிகா சரத்குமாரின் பணிவாழ்க்கையே போதிய சான்று. ஆனால் அது பெரும்பாலும் வெற்றிக் கதையாகவே சொல்லப்பட்டு வருவதால், தொழில் கற்பவருக்கு அதில் மிகவும் பயன்படக்கூடிய பகுதி, அதாவது நடிப்போடு சேர்த்து நடிப்பைச் சூழ்ந்திருக்கும் வணிகத்தையும் அவர் கற்றுக்கொண்ட விதம், பேசப்படாமலே போய்விடுகிறது.

எம்.ஆர். ராதாவின் மகளான ராதிகா, 1978இல் பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் பாஞ்சாலியாக அறிமுகமானார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் தெலுங்கில் 'நியாயம் காவாலி', 'சுவாதி முத்யம்', இந்தியில் 'நசீப் அப்னா அப்னா', தமிழில் 'கேளடி கண்மணி', 'கிழக்குச் சீமையிலே' என மொழிக்கு மொழி வேறுபட்ட பாத்திரங்களை ஏற்றார். ஆனால் இளம் நடிகை நின்று பார்க்க வேண்டிய படம் இவற்றுள் எதுவுமன்று. பிரதாப் போத்தன் இயக்கத்தில் 1985இல் வெளிவந்த 'மீண்டும் ஒரு காதல் கதை'தான். அதில் நடித்த ராதிகாவே அதன் தயாரிப்பாளரும் ஆவார். அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. கதாநாயகியாகக் கால்ஷீட், அதாவது படப்பிடிப்புக்கு ஒதுக்கித் தரும் நாள்கள், நிரம்பி வழிந்த காலத்திலேயே தயாரிப்பின் கணக்கு வழக்குகளுக்குள் ஒருவர் நுழைந்தார் என்பது, பின்னாளில் தொலைக்காட்சியில் அவர் செய்ததைப் புரிந்துகொள்ள உதவும்.

சன் தொலைக்காட்சி 1993இல் தொடங்கியது. அதில் 1999 முதல் 2001 வரை ஒளிபரப்பான 'சித்தி' தொடரில் ராதிகா சாரதாவாகவும் அவருக்கு இணையாகச் சிவகுமாரும் நடித்தனர். சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று படைத்துவந்த பழைய கதைமரபை அத்தொடர் திருப்பிப் போட்டது. தயாரித்தது ராதிகாவின் ராடான் நிறுவனம். அக்காலத்தில் தயாரிப்பு நிறுவனம் ஒளிபரப்பு நேரத்தை, துறையில் 'ஸ்லாட்' என்று சொல்லப்படுவதை, சேனலுக்குக் கட்டணம் செலுத்திப் பெற்று, அந்நேரத்துக்குள் தனக்கு ஒதுக்கப்பட்ட விளம்பர நிமிடங்களைத் தானே விற்றுக்கொள்ளும் முறை நடைமுறையில் இருந்தது. தொடர் ஓடினால் இலாபமும் ஓடாவிட்டால் கடனும் தயாரிப்பாளரையே சேரும் என்பதால், அம்முறையில் நடிகையே தயாரிப்பாளராக இருப்பது பெயரளவிலான பெருமையாக மட்டும் இருக்க முடியாது. கதை எந்தப் பக்கம் திரும்பலாம், யார் எத்தனை நாள் வேண்டும் என்பவற்றிலெல்லாம் அவருடைய சொல் செல்லுபடியாகும். 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே', 'வாணி ராணி' என்று அடுத்தடுத்து வந்த தொடர்கள் அந்த அடித்தளத்தின் மீதே எழுந்தன. துன்பங்களைப் பொறுத்துக்கொண்டு இறுதியில் வெல்லும் உத்தமி என்ற அச்சில் இவற்றின் நாயகியர் திரும்பத் திரும்ப வார்க்கப்பட்டனர் என்ற குறை நியாயமானதே. எனினும் அக்குறை கதையைச் சாரும், கைத்திறனைச் சாராது.

அந்தக் கைத்திறனை அறிய 'வாணி ராணி'யைப் பார்க்கலாம். 2013 முதல் 2018 வரை 1,700க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஒளிபரப்பான அத்தொடரில் ராதிகா இரட்டைச் சகோதரிகளாக நடித்தார். இரட்டை வேடக் காட்சியில், வழக்கமாக ஒரு பாத்திரத்தின் ஷாட்டுகளையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, புடவையும் ஒப்பனையும் மாற்றிய பின் அதே விளக்கமைப்பில் மற்றவரின் ஷாட்டுகளை எடுப்பர்; எதிரில் நிற்பவர் முதுகு மட்டும் காட்டும் டூப், அதாவது மாற்று நடிகை. தான் சற்றுமுன் எந்த இடத்தில் குரலை உயர்த்தினோம், எந்தச் சொல்லில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம் என்பதை நினைவில் வைத்து, அங்கே இல்லாத தன்னையே எதிர்கொள்ள வேண்டிய வேலை இது. திரைப்படத்தில் இதற்கு நாள் கணக்கில் நேரம் ஒதுக்கலாம். அன்றாடம் ஒளிபரப்பாகும் தொடரிலோ ஒரே நாளில் பல காட்சிகளை முடித்தாக வேண்டும்.

இத்தகைய அவசரத்தினால்தான் 'ப்ராம்ப்டிங்' தொடர்களில் வேரூன்றியது. உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தைச் சொல்லச் சொல்ல நடிகர் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் முறை அது. நேரத்தை அது மிச்சப்படுத்தும். ஆனால் அதற்குப் பழகியவரின் கண்களில் எதிராளியின் பேச்சைக் கேட்கும் கவனம் குறைந்து, அடுத்த வரிக்குக் காது கொடுக்கும் பார்வை வந்துவிடும். அண்மைக் காட்சியில் அதை மறைக்க இயலாது. இரவே காட்சித்தாளைக் கேட்டு வாங்க முடியுமானால் வாங்கி மனப்பாடம் செய்துகொள்வதும், டப்பிங்கில் சொந்தக் குரலையே பயன்படுத்த வலியுறுத்துவதும் தொடக்கத்தில் சிறு பிடிவாதமாகத் தோன்றக்கூடும். ஆனால் பாத்திரம் மக்கள் மனத்தில் பதிவதில் பாதி வேலையைக் குரலே செய்கிறது. மாற்றுக் குரலில் அறிமுகமான நடிகை, பிறகு தன் குரலில் பேசும்போது பார்வையாளருக்கு அந்நியராகிவிடுகிறார்.

தொடரில் எவரும் நிலையானவர் அல்லர் என்பதும் நினைவிருக்கட்டும். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று திரையின் அடியில் ஓடும் ஒற்றை வரியோடு மூன்றாண்டு உழைப்பு கைமாறிவிடுவதைத் தமிழ்ப் பார்வையாளர்கள் இயல்பாக ஏற்றுக்கொள்கின்றனர். 2020இல் தொடங்கிய 'சித்தி 2'இலிருந்து ராதிகாவே இடையில் விலகிக்கொண்டார், தொடரோ அவரின்றித் தொடர்ந்தது. அவர் விலகியது தம் விருப்பப்படி. அன்றாடச் சம்பளத்துக்கு நடிப்பவருக்கு அந்த வாய்ப்பு அரிது.

இங்கேதான் இந்த முன்மாதிரியின் எல்லையும் தெரிகிறது. எம்.ஆர். ராதாவின் பெயரும் இருபது ஆண்டுத் திரைப்புகழும் பின்னால் இருந்தவருக்குக் கைகூடியது, மாதத்தில் பதினைந்து நாள் வேலைக்காக வளசரவாக்கத்தில் அறை எடுத்துத் தங்கும் இளம் நடிகைக்கு அப்படியே கைகூடாது. சொந்த நிறுவனம் தொடங்குமாறு அவருக்கு அறிவுரை கூறுவது வெறும் வாய்ப்பந்தல். ஆயினும் ராதிகா பெரிய அளவில் கேட்ட கேள்விகளைச் சிறிய அளவில் இவரும் கேட்கலாம். சம்பளம் நாள்கணக்கா, பகுதிக்கணக்கா, மாதத்தில் குறைந்தது எத்தனை நாள் வேலைக்கு உறுதி என்பவற்றை எழுத்தில் பெறவேண்டும். நடிகையே தம் புடவைகளையும் நகைகளையும் கொண்டுவருவது பல தொடர்களில் வழக்கமாகிவிட்டது. பணக்கார மருமகள் வேடம் என்றால் அச்செலவு சம்பளத்தில் கணிசமான பங்கை விழுங்கும் என்பதால், ஆடைப்படியைத் தனியே குறிப்பிடச் செய்ய வேண்டும். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் உள்ளகக் குழு அமைக்கப்பட வேண்டும் என்கிறது. அக்குழுவில் யார் இருக்கிறார் என்பதைப் படப்பிடிப்பின் முதல் நாளிலேயே கேட்டு வைப்பதில் தவறேதுமில்லை.

பலர் படிக்காமலே கையெழுத்திடும் பிரிவு மறுஒளிபரப்பைப் பற்றியது. 2002இல் தொடங்கிய 'மெட்டி ஒலி', 2020இல் பொதுமுடக்கத்தால் படப்பிடிப்புகள் நின்றிருந்தபோது மீண்டும் ஒளிபரப்பாயிற்று. அத்தகைய மறுவாழ்வு எந்தத் தொடருக்கும் வரலாம், மொழிமாற்றமாகவும் இணையத் தளத்திலும்கூட வரலாம். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகலைஞரின் உரிமையையும், வணிகப் பயன்பாட்டில் அவருக்குரிய உரிமைத்தொகையையும் ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் எல்லா ஊடகங்களுக்கும் எல்லாக் காலத்துக்கும் ஒரே தொகைக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டுவிட்டால், பிறகு அவ்வுரிமையைக் கேட்டுப் பெறுவது நடைமுறையில் மிகக் கடினம். ஆகவே கையெழுத்துக்கு முன் அந்த ஒரு பத்தியையாவது வழக்கறிஞர் ஒருவரிடமோ நடிகர் சங்கத்திலோ காட்டிக் கேட்க ஒரு நாள் அவகாசம் வாங்கிக்கொள்ள வேண்டும்.