கடல் கடந்து ஆங்கிலம் கற்பித்தல்: ஊதியத்தை நிறுத்துப் பார்ப்போம்

(முதுகலை ஆங்கிலம், இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

பொருள் தேடிப் பிரிவதற்குப் ‘பொருள்வயிற் பிரிவு’ என்று பெயரிட்டு, அதற்கு இலக்கணமும் வகுத்தவர்கள் நம் முன்னோர். அன்று பிரிந்தவன் பாலை வழியே நடந்தான். இன்று ஆங்கிலம் படித்த பட்டதாரி விமானத்தில் பறக்கிறான். வழிதான் மாறியிருக்கிறது, வீட்டில் இருப்போரின் கவலை மாறவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் துறையில் முதுகலை முடித்த அண்ணன் ஒருவர் வளைகுடா நாடு ஒன்றில் ஆங்கிலப் பயிற்றுநராகத் தேர்வு பெற்றார். பணி நியமனக் கடிதத்தைத் துறைக்குக் கொண்டுவந்து காட்டினார். நான் அப்போது இளங்கலை இரண்டாம் ஆண்டு. நாங்கள் எல்லோரும் அக்கடிதத்தில் ஒரே ஒரு வரியைத்தான் பார்த்தோம். அது மாதச் சம்பளம் எழுதியிருந்த வரி. அவருடைய தாயார் நகைகளை அடகு வைத்து முகவருக்குப் பணம் கட்டினார். பதினான்காம் மாதம் அண்ணன் ஊர் திரும்பினார். நகைகள் இன்னும் மீளவில்லை. “கடிதத்தில் பொய் எதுவும் இல்லை, தம்பி. நான்தான் முழுவதும் படிக்கவில்லை” என்றார். அந்தச் சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

இத்தொழில் வளர்ந்த வகை

பிற நாட்டு ஆசிரியரை அழைத்து ஆங்கிலம் கற்பிப்பதை ஓர் அரசுத் திட்டமாகவே நடத்தும் நாடுகளுள் ஜப்பான் முதன்மையானது. அங்கு 1987இல் ‘ஜெட்’ திட்டம் தொடங்கியபோது அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் சென்றார்கள். தென் கொரியா 1995இல் ‘எபிக்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. வளைகுடா நாடுகளிலோ, பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவர்க்கு முதலாண்டில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆயத்த வகுப்புகள் பெருகின. இவை தவிர, தனியார் பயிற்சி நிலையங்கள் எல்லா நாடுகளிலும் உள்ளன. ஆகவே ‘வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர்’ என்பது ஒரு வேலை அன்று. பல வேலைகளுக்கு வைத்த ஒரே பெயர். அரசுப் பள்ளியின் விதி வேறு, பல்கலைக்கழகத்தின் விதி வேறு, தனியார் நிலையத்தின் விதி வேறு. எந்த வகை என்று அறியாமல் சம்பளத்தை ஒப்பிடுவது, எடைக்கல்லைப் பாராமல் தராசைப் பார்ப்பது போன்றதாகும்.

வாசலில் நிற்கும் தடை

நம்மவர் முதலில் அறிய வேண்டியது, கதவு எல்லோருக்கும் ஒரே அளவில் திறப்பதில்லை என்பதே. தென் கொரியாவில் மொழி ஆசிரியர்க்குரிய விசா, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா என்னும் ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே பொதுவாக வழங்கப்படுகிறது. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய பொருளாதார ஒப்பந்தம் நமக்கும் ஒரு சிறு வழி திறந்தது. பட்டத்தோடு, ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஆசிரியத் தகுதிச் சான்றும் உடைய இந்தியர் அங்குள்ள பள்ளிகளில் உதவி ஆசிரியராகலாம். ஏழு நாட்டவர்க்கு எந்தப் பாடத்தில் பெற்ற பட்டமும் போதும். நமக்கோ ஆசிரியப் பயிற்சியும் வேண்டும். பி.எட். படிப்பை வீண் என்று எண்ணும் நண்பர்கள் இதனைக் கருத வேண்டும்.

இந்த வேறுபாடு மொழியறிவைச் சார்ந்ததா? மொழியியல் அறிஞர் பிரஜ் கச்ரு 1985இல் உலக ஆங்கிலத்தை மூன்று வட்டங்களாகப் பிரித்து, இந்தியாவை இரண்டாம் வட்டத்தில் வைத்தார். தாய்மொழியாகக் கொண்டவரே ஒரு மொழியைச் சிறப்பாகக் கற்பிப்பார் என்னும் நம்பிக்கை வெறும் மயக்கமே என்று ராபர்ட் பிலிப்சன் 1992இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். ஒரு மொழியை எழுத்தெழுத்தாகக் கற்றுத் தேறியவனுக்கே அதில் மாணவன் எங்கே இடறுவான் என்பது தெரியும். ஆனால் சந்தை அறிஞர் சொல்லைக் கேட்டு நடப்பதில்லை. எனவே ஒரு விளம்பரத்தில் ஊதிய அளவைக் கண்டால், ‘இந்தியக் குடிமகனுக்கும் இதே அளவா?’ என்று எழுத்தில் கேட்டுப் பதில் பெறுவது முதற் கடமை.

மாதச் சம்பளம் என்னும் மயக்கம்

இரண்டு வேலைகளை எடுத்துக் கொள்வோம். இவை கணக்குக்காக நானே அமைத்தவை. நாணயம் எதுவாயினும் ஆகட்டும்.

முதல் வேலையில் மாதம் 100. ஆனால் கோடை விடுமுறை இரண்டு மாதங்களுக்குச் சம்பளம் இல்லை. ஆகவே ஆண்டு வரவு 1200 அன்று, 1000 மட்டுமே. வீட்டு வாடகை நம் பொறுப்பு. மாதம் 25 வீதம் ஆண்டுக்கு 300. உணவும் போக்குவரத்தும் மாதம் 20 வீதம் 240. விமானச் சீட்டு, சான்றிதழ் மேலொப்பம், முகவர் கட்டணம் ஆகியவற்றுக்கு 100. மிச்சம் 360, அதாவது மாதம் 30.

இரண்டாம் வேலையில் மாதம் 80. பன்னிரண்டு மாதமும் சம்பளம் உண்டு, 960. வீடும் விமானச் சீட்டும் நிறுவனமே தருகிறது. ஆண்டு முடிவில் ஒரு மாதப் பணிக்கொடை 80. உணவும் போக்குவரத்தும் அதே 240. சான்றிதழ்ச் செலவு 20. மிச்சம் 780, அதாவது மாதம் 65.

மாதம் 80 தரும் வேலை, 100 தரும் வேலையைப் போல் இரு மடங்குக்கும் மேலாக மிச்சம் தருகிறது! நம் அண்ணன் பெற்ற கடிதம் முதல் வகை. ‘ஆண்டுக்குப் பத்து மாத ஊதியம்’ என்பது நான்காம் பக்கத்தில் இருந்தது.

உழைக்கும் நேரம்

ஊதியத்தை நேரத்தால் வகுத்தால்தான் அதன் உண்மை மதிப்பு புலப்படும். கொரிய அரசுத் திட்டத்தில் வாரத்துக்கு 22 பாட வேளைகள் என்று ஒப்பந்தம் கூறுகிறது; ஆனால் நாள்தோறும் எட்டு மணி நேரம் பள்ளியில் இருக்க வேண்டும். வகுப்பு இல்லாத விடுமுறை நாள்களிலும் மேசையில் அமர்ந்திருக்க நேரிடும். தனியார் நிலையங்களிலோ பள்ளியும் அலுவலகமும் விட்ட பிறகே மாணவர் வருவார்கள். ஆதலால் மாலையும் இரவும் சனிக்கிழமையும் வேலை நேரமாகிவிடும். ‘வாரம் 25 மணி’ என்று எழுதியிருந்தால், அது கற்பிக்கும் நேரமா, நிலையத்தில் இருக்கும் நேரமா, பாடக் குறிப்பும் விடைத்தாள் திருத்தமும் அதில் சேருமா என்று கேட்க வேண்டும்.

நடத்தப்படும் முறையும் பணி நிலைமையின் ஒரு பகுதியே. கொரியாவில் 2007இல் வெளிநாட்டு மொழி ஆசிரியர்க்கு எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது, அதே வேலை செய்த கொரிய ஆசிரியர்க்கு அது இல்லை. இதை எதிர்த்து ஓர் ஆசிரியை தொடுத்த முறையீட்டில், 2015இல் ஐக்கிய நாடுகளின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2017இல் அவ்விதி நீங்கியது. விதியை முழுதும் படித்த ஒருவர் துணிந்து கேட்டதால் கிடைத்த பயன் இது.

நாணயமும் வரியும்

ஒப்பந்தத்தில் எழுதிய தொகை மாறாதிருக்கும்போதே அதன் மதிப்பு கரையக் கூடும். ஜப்பானின் ஜெட் திட்டத்தில் 2012 முதல் முதலாண்டு ஊதியம் 33 லட்சத்து 60 ஆயிரம் யென். அந்த ஆண்டில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 80 யென். அப்படியானால் அது 42,000 டாலர். 2024 ஜூலையில் ஒரு டாலர் 160 யென்னைத் தாண்டியது. அதே ஊதியம் 21,000 டாலராகச் சுருங்கிற்று. நம் ரூபாயும் இடையில் இறங்கியதால் இந்த அடி நமக்குச் சற்றுக் குறைவாகத் தெரியலாம், அடி அடிதான். 2025இல்தான் முதலாண்டு ஊதியம் 40 லட்சத்து 20 ஆயிரம் யென்னாக உயர்த்தப்பட்டது.

சவூதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75 என்று நிலைநிறுத்தப்பட்டிருப்பதால் அங்கு இந்தச் சிக்கல் இல்லை. சம்பளத்துக்கு வருமான வரியும் இல்லை. ஆனால் குடும்பத்தை அழைத்துச் செல்வோர்க்கு வேறொரு கணக்கு உண்டு. 2017இல் சார்ந்திருப்போர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டு, 2020இல் அது 400 ரியாலாயிற்று. மனைவியும் இரு குழந்தைகளும் என்றால் மாதம் 1200 ரியால். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வேறு. ‘வரி இல்லை’ என்ற சொல்லை மட்டும் நம்பிப் புறப்படலாகாது.

கடைசிப் பக்கம்

சம்பளம் முதற் பக்கத்தில் இருக்கும். வேலை எப்படி முடியும் என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கும். கொரியச் சட்டப்படி ஓராண்டு நிறைவுற்றால் ஏறத்தாழ ஒரு மாத ஊதியம் பணிக்கொடையாக உண்டு. ஓராண்டு நிறையாவிட்டால் இல்லை. தனியார் நிலையங்கள் சில பதினோராம் மாதத்தில் ஆசிரியரை நீக்கிவிடுகின்றன என்ற குற்றச்சாட்டின் காரணம் இதிலிருந்தே விளங்கும். சவூதியில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதமும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு மாதமும் பணிக்கொடை. ஆனால் இரண்டு ஆண்டு முடியுமுன் தாமாக விலகுவோர்க்கு எதுவும் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் பணிக்கொடையை அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டே கணக்கிடுவார்கள், படிகள் சேரா. மொத்தச் சம்பளம் பெரிதாகவும் அடிப்படை சிறிதாகவும் எழுதப்படுவதன் சூட்சுமம் இதுவே. நம் அண்ணன் இரண்டு ஆண்டு நிறையாமல் விலகியதால் பணிக்கொடையும் இல்லை, திரும்பும் விமானச் சீட்டும் இல்லை.

நிறுவனமே வீழ்ந்தால்? ஜப்பானின் மிகப் பெரிய ஆங்கிலப் பயிற்சி நிறுவனமாக விளங்கிய நோவா 2007 அக்டோபரில் நொடித்தது. பல ஆயிரம் வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பள பாக்கியோடு நின்றார்கள். சம்பளத்தில் வாடகையைப் பிடித்துக்கொண்ட நிறுவனம் அதை வீட்டுக்காரரிடம் கட்டாததால், சிலருக்கு வீட்டைக் காலி செய்யும்படி அறிவிப்பும் வந்தது. 2021 ஜூலையில் சீன அரசு பள்ளிப் பாடங்களுக்கான தனிப்பயிற்சியில் லாபம் ஈட்டுவதைத் தடுத்தபோது, அத்தொழிலையே நம்பியிருந்த ஆசிரியர் பலர் வேலை இழந்தனர். வீடும் விசாவும் வேலையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தால், கயிறு அறும்போது மூன்றும் ஒன்றாய் விழும்.

புறப்படுமுன்

பட்டதாரிகளின் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. இது நமக்கு ஒரு சலுகை. ஆனால் இதனாலேயே நம் ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவர் நாமே. 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டம், வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று விதித்தது. அதன்கீழ் 2017இல் முகவர் கட்டணத்துக்கு வரம்பாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் வரையறுக்கப்பட்டன. அண்ணனிடம் வாங்கப்பட்டது அதைப் போல் பல மடங்கு, ரசீதும் இல்லை. தமிழக அரசே 1978இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அமைத்திருக்க, நம்மவர் முகவரி தெரியாத முகவரைத் தேடி அலைவது வருந்தத்தக்கது. வேலை விசா கைக்கு வராமல் சுற்றுலா விசாவில் புறப்படுவதும், அங்கு சென்றபின் பாஸ்போர்ட்டைப் பிறரிடம் ஒப்படைப்பதும் ஆகா.

முடிவுரை

இவ்வளவும் கூறியது, யாரும் போக வேண்டாம் என்பதற்கன்று. இங்கு கௌரவ விரிவுரையாளராகத் தொகுப்பூதியத்தில் ஆண்டுகளைக் கழிக்கும் நம் ஆசிரியப் பெருமக்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். அந்த நிலையில், நல்ல ஒப்பந்தத்தோடு கடல் கடப்பது கடனை அடைக்கும். தங்கையின் படிப்புக்கு உதவும். வேற்று மொழி மாணவரைக் கற்பிக்கும் திறனையும் வளர்க்கும். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது பழமொழி. அக்கரை உண்மையிலேயே பச்சையாகவும் இருக்கலாம். எத்தனை மாதம் பச்சை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவே.

ஆண்டுக்கு எத்தனை மாதச் சம்பளம்? வீடும் விமானச் சீட்டும் யார் பொறுப்பு? வாரத்தில் மொத்தம் எத்தனை மணி? அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? இடையில் விலகினால் என்ன கிடைக்கும்? இந்த ஐந்து கேள்விகளுக்கும் எழுத்தில் விடை பெற்ற பின்பே மாதச் சம்பள வரியைப் பார்க்க வேண்டும்.

வரும் ஏப்ரலில் என் படிப்பும் முடிகிறது. எனக்கும் ஒரு கடிதம் வரலாம். முதலில் பி.எட். முடிப்பது என்று எண்ணியிருக்கிறேன். அண்ணன் இப்போது நம் ஊரில் டியூட்டோரியல் ஒன்றில் பாடம் நடத்துகிறார். மாதந்தோறும் அடகுக் கடைக்கு வட்டி கட்டுகிறார். வெளிநாட்டுக் கடிதத்தோடு யார் சென்றாலும் முகம் சுளிக்காமல் வாங்கிப் பார்க்கிறார். அவர் படிக்கத் தொடங்குவது கடைசிப் பக்கத்திலிருந்து.