ஆற்றங்கரையில் ஒரு வானூர்தி நிலையம்

நுழையும்முன்

ஒரு சிற்றூர்த் தொகுதிக்குத் தேவையான மின்னாற்றலை ஒரே நாளில் செலவிடும் இடம் பன்னாட்டு வானூர்தி நிலையம். அத்தகைய நிலையம் தன் மின்தேவை முழுவதையும் கதிரவனிடமிருந்தே பெற முடியும் என்று உலகிற்கு முதலில் காட்டியது நம் அண்டை மாநிலத்தின் கொச்சி. அதே நிலையத்தை ஏழு ஆண்டுகளுக்குள் மும்முறை வெள்ளம் மூடச் செய்தது. இவ்விரு செய்திகளையும் சேர்த்தே இப்பாடம் பேசுகிறது.

மலையின் இரு பக்கங்கள்

இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் மேற்கே திரும்பினால் மலைத்தொடர் வானத்தை மறித்து நிற்கும். சாம்பல்நிற அணில்களுக்காக 1988இல் காப்பகமாக்கப்பட்ட அம்மலைக்காடு, 2021ஆம் ஆண்டு முதல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாக உள்ளது. அதன் மறுபக்கம் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம். காடு ஒன்றுதான், முகடு அதனை இரு மாநிலங்களாகப் பிரிக்கிறது.

முகடு பிரிப்பது எல்லையை மட்டுமன்று, மழையையும்தான். தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வரும் நீரில் பெரும்பகுதி மேற்குச் சரிவிலேயே பொழிந்துவிடுகிறது. கிழக்குச் சரிவின் அடியிலுள்ள நம் ஊர்கள் மழை மறைவுப் பகுதிகள். விருதுநகர் மாவட்டம் ஓராண்டில் பெறும் மழையைப்போல் மும்மடங்குக்கும் மேலான மழையைக் கொச்சி பெறுகிறது.

இம்மலைத்தொடரின் சிவகிரிக் குன்றுகளில் தோன்றுவதாகக் கூறப்படும் பெரியாற்றின் நீரில் ஒரு பகுதி, 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையின் வழியாக வைகைக்குத் திரும்புகிறது. எஞ்சிய ஆறு மேற்கே ஓடுகிறது. 244 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆறு, கடலை அடையும் முன் ஆலுவாவை ஒட்டிய சமவெளியில் அகன்று பரவுகிறது. அச்சமவெளியில்தான் நெடும்பாசேரி உள்ளது; கொச்சி பன்னாட்டு வானூர்தி நிலையமும் அங்குதான் உள்ளது.

கதிரவனைக் கணக்கில் எழுதுதல்

இந்நிலையம் பிறந்த கதையே புதுமையானது. அரசும் தனியாரும் இணைந்து இந்தியாவில் கட்டிய முதல் வானூர்தி நிலையம் இது. முப்பது நாடுகளில் பணிபுரிந்த ஏறத்தாழ 10,000 பேர் பங்குத்தொகை அளித்தனர். 1999 மே 25ஆம் நாள் அன்றைய குடியரசுத்தலைவர் கே.ஆர். நாராயணன் இதனைத் திறந்து வைத்தார். நெல்வயல்களும் தாழ்நிலங்களும் இருந்த இடத்தில் 3,400 மீட்டர் நீள ஓடுபாதை எழுந்தது.

வானூர்தி நிலையத்தில் மின்சாரம் எங்கே செலவாகிறது? ஓடுபாதை விளக்குகள், பயணப்பைகளை நகர்த்தும் பட்டைகள், சோதனைக் கருவிகள் எனப் பலவும் நினைவுக்கு வரும். உண்மையில் பெரும்பங்கு போவது குளிரூட்டலுக்கே. உயர்ந்த கூரையும் கண்ணாடிச் சுவர்களும் கொண்ட முனையக் கட்டடத்தை இரவும் பகலும் குளிர்வித்தபடி இருக்க வேண்டும். ஆகவே, கட்டட வடிவமைப்பில் செய்யும் சிறு தவறும் பல ஆண்டுகளுக்கு மின்கட்டணமாகத் திரும்பி வரும்.

கொச்சி நிலையம் எடுத்த எடுப்பில் பெரிய மின்நிலையம் அமைத்துவிடவில்லை. 2013 மார்ச்சில் வருகை முனையத்தின் கூரையில் 100 கிலோவாட் திறனுள்ள சூரியத் தகடுகளைப் பொருத்திப் பார்த்தனர். அது பயன் தரவே, அவ்வாண்டின் இறுதிக்குள் வானூர்திக் கொட்டகையின் கூரையிலும் தரையிலுமாக மேலும் ஒரு மெகாவாட் சேர்த்தனர். பின்னர், சரக்கு முனையத்தை அடுத்திருந்த 45 ஏக்கர் நிலத்தில் 46,150 தகடுகளை நிறுவினர். 62 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த இந்த 12 மெகாவாட் மின்நிலையம் 2015 ஆகஸ்டு 18ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. அன்றுமுதல் உலகில் முழுவதும் சூரிய மின்னாற்றலைச் சார்ந்த முதல் வானூர்தி நிலையம் என்னும் பெயர் கொச்சிக்கு உரியதாயிற்று.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் திறனுள்ள தகடுகள் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு அலகு மின்சாரம் தரும். மூன்று கட்டங்களையும் கூட்டினால் 13.1 மெகாவாட், அதாவது 13,100 கிலோவாட். நான்கால் பெருக்க 52,400 அலகு. அன்று நிலையத்தின் ஒருநாள் தேவை ஏறத்தாழ 50,000 அலகு. தேவையை அளந்து, அதற்கேற்பக் கட்டியிருக்கிறார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

கதிரவன் மறைந்தபின் என்ன செய்வது? இரவில்தான் பன்னாட்டு வானூர்திகள் மிகுதியாக வந்து போகின்றன. அவ்வளவு மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கலங்கள் அங்கே அமைக்கப்படவில்லை. பகலில் மிஞ்சும் மின்சாரத்தை மாநில மின்வாரியத்தின் கட்டமைப்பில் செலுத்திவிட்டு, இரவில் அதற்கு ஈடானதைத் திரும்பப் பெறுகிறார்கள். காற்றாலை வைத்திருக்கும் நூற்பாலைகள் நிறைந்த இராசபாளையம் பகுதிக்கு இம்முறை புதிதன்று. காற்று வீசும் மாதங்களில் விளைந்த மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உண்டு.

ஆயினும், இரவில் நெடும்பாசேரி விளக்குகளை எரிப்பது பகலில் அங்கு விளைந்த அதே மின்சாரமன்று. அது நீர்மின்சாரமாக இருக்கலாம். நிலக்கரி எரித்த மின்சாரமாகவும் இருக்கலாம். கணக்கு நேராகிறது, புகை முற்றிலும் மறைந்துவிடவில்லை. 'முழுவதும் சூரிய ஆற்றலால் இயங்குவது' என்னும் தொடரைப் படிக்கும்போது இந்த நுட்பத்தை மனத்தில் கொள்ள வேண்டும். இதனால் அதன் பெருமை குறைந்துவிடாது.

நிலத்தின் இரட்டைப் பயன்

சூரியத் தகடுகளுக்கு வானூர்தி நிலையம் மிகப் பொருத்தமான இடம். காரணம் எளியது. ஓடுபாதையைச் சுற்றி உயர்ந்த கட்டடமோ மரமோ இருத்தல் ஆகாது. எனவே, வேலியிட்ட பரந்த நிலம் வெறுமனே கிடக்கும். தாழ்வாக நிற்கும் தகடுகள் வானூர்திக்கு இடையூறு செய்வதில்லை. அவற்றின் ஒளி விமானியின் கண்ணைக் கூசச் செய்யாதா என்று கேட்கத் தோன்றும். ஒளியைத் திருப்பி அனுப்பாமல் உட்கொள்வதே தகட்டின் வேலை. நீர்ப்பரப்பைப்போல் அது பளபளப்பதில்லை. ஆயினும், எந்தச் சாய்வில் எத்திசை நோக்கி வைப்பது என்பதை ஆராய்ந்தே நிறுவுகின்றனர்.

தகடுகளில் தூசி படிந்தால் விளைச்சல் குறையும் என்பதால் அவற்றைக் கழுவ வேண்டும். கழுவிய நீர் மண்ணில் இறங்க, களை வளர்ந்து தகடுகளை மறைக்கத் தொடங்கியது. களையை வெட்டிக்கொண்டே இருப்பதற்கு மாறாக, வரிசைகளுக்கு இடையே பாகல், பூசணி, வெண்டை போன்றவற்றைப் பயிரிட்டனர். ஒரே நிலம் மின்சாரமும் தந்தது, காய்கறியும் தந்தது. இத்திட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுவே.

பருவமழைக் காலத்தில் கேரளத்தின் வானம் பல வாரங்கள் மூடியே இருக்கும். அப்போது தகடுகள் சோர்ந்துவிடும். ஆறுகளோ பெருகி ஓடும். இதனைக் கருதி, கோழிக்கோடு மாவட்டத்து அரிப்பாறையில் 4.5 மெகாவாட் திறனுள்ள சிறு நீர்மின்நிலையம் ஒன்றை 2021 நவம்பரில் இந்நிறுவனம் தொடங்கியது. பெரிய அணை கட்டி நீரைத் தேக்காமல், ஆற்றின் ஓட்டத்தைக் கொண்டே மின்சாரம் எடுக்கும் முறை அது. 2022இல் பையன்னூரில் மேலும் 12 மெகாவாட் சூரிய மின்நிலையம் சேர்ந்தது. வெயில் குறையும் பருவத்தில் ஆறு கைகொடுக்கிறது.

தெரிந்து தெளிவோம்

நார்வே நாட்டின் ஓசுலோ வானூர்தி நிலையத்தில் குளிர்காலத்தில் அள்ளிக் குவித்த பனியைச் சேமித்து வைத்து, கோடையில் முனையத்தைக் குளிர்விக்கப் பயன்படுத்துகின்றனர். கலாபகசுத் தீவுக்கூட்டத்தின் பால்ட்ரா வானூர்தி நிலையம் சூரிய ஆற்றலையும் காற்றாற்றலையும் கொண்டு இயங்குகிறது. அந்தந்த மண் எதனைத் தருகிறதோ அதனையே இவை பயன்படுத்துகின்றன.

ஆறு வந்த நாள்கள்

நெடும்பாசேரியின் ஓடுபாதை அமைந்த இடத்தின் வழியே 'செங்ஙல் தோடு' என்னும் நீரோடை ஓடிக்கொண்டிருந்தது. (மலையாளத்தில் தோடு என்றால் ஓடை; நாம் காதில் அணியும் தோடன்று.) பெரியாற்றோடு சேரும் அவ்வோடையின் இயல்பான போக்கு, ஓடுபாதைக்காக மாற்றப்பட்டது. ஓடுபாதை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நேராகவும் சமதளமாகவும் இருந்தாக வேண்டும். அது வளைய முடியாது. எனவே, ஓடையை வளைத்தார்கள்.

2013 ஆகஸ்டில் பெருமழை பெய்து, மேலே அணையும் திறக்கப்பட்டபோது ஓடை பெருகி நிலையத்திற்குள் புகுந்தது. ஒரு நாளுக்கும் மேலாகப் போக்குவரத்து நின்றது. 2018 ஆகஸ்டில் நேர்ந்தது அதனினும் கொடியது. கேரளம் முழுவதும் வெள்ளக்காடாக, 15ஆம் நாள் நிலையம் மூடப்பட்டது. ஓடுபாதை மூழ்கியது, ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீளத்திற்குச் சுற்றுச்சுவர் இடிந்தது, சூரியத் தகடுகளில் ஒரு பகுதியும் பழுதாயின. கொச்சிக் கடற்படைத் தளத்திலிருந்து சிறிய வானூர்திகளை இயக்கிச் சமாளித்தனர். ஆகஸ்டு 29ஆம் நாளே நிலையம் மீண்டும் திறந்தது.

அதன்பின் ஒரு திங்கள் கழியும் முன்னரே, செப்டம்பர் 26ஆம் நாள் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையின் உயரிய சுற்றுச்சூழல் விருதான 'புவியின் வாகையர்' விருது அந்நிலையத்திற்கு வழங்கப்பட்டது. மின்னாற்றலில் அது ஆற்றிய பணிக்கு அவ்விருது முற்றிலும் தகும். ஆனால், அதே ஆண்டில் அதே நிலையத்திற்குள் ஆறு வந்து நின்றதையும் மறக்க இயலாது. மறு ஆண்டு ஆகஸ்டிலும் வெள்ளத்தால் சில நாள்கள் நிலையம் மூடப்பட்டது. அதற்குப் பின்னரே ஓடைகளைத் தூர்வாரி, வாய்க்கால்களை அகலப்படுத்தி, பாலங்களும் நீரடைப்புகளும் அமைக்கும் வெள்ளத்தடுப்புத் திட்டம் பெரிய அளவில் தொடங்கியது. தகடுகளைக் கூரையில் ஏற்றப் போதுமானவை சில மாதங்களே. ஓடையின் வழியைச் சீராக்கவோ பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

இது கொச்சிக்கு மட்டும் உரிய இடரன்று. சென்னை வானூர்தி நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின்மேல் பாலமாகக் கடந்து செல்கிறது. 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு பெருகியபோது அந்நிலையமும் சில நாள்கள் மூடிக் கிடந்தது.

எரிபொருள் என்னும் எஞ்சிய வினா

முனையம் தூய மின்சாரத்தில் இயங்கினாலும் வானூர்தி எரிப்பது மண்ணெண்ணெய் வகை எரிபொருளையே. உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 2.5 விழுக்காடு வானூர்திகளால் வருவது. தரையில் நிற்கும் வானூர்தி, விளக்குக்கும் குளிரூட்டலுக்கும் தன் துணைப்பொறியை இயக்கிக்கொண்டிருக்கும். முனையத்திலிருந்தே மின்கம்பி வழியாக மின்சாரம் தந்தால் அப்பொறியை நிறுத்திவிடலாம். வானூர்தி நிலையத்தால் இயல்வது அவ்வளவே. வானில் எரிவதைக் குறைப்பது எரிபொருளையும் பொறியையும் மாற்றுவோரின் கையில் உள்ளது.

கண்மாய் நாட்டில் நின்று பார்த்தால்

இராசபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதிகளில் ஆற்றைவிட ஓடைகளும் கண்மாய்களுமே மிகுதி. மலையில் பெய்த மழை ஓடைவழி இறங்கி ஒரு கண்மாயை நிரப்பும். அது நிறைந்ததும் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் வரத்துக்கால், வரைபடத்தில் ஒரு மெல்லிய கோடாகத்தான் தெரியும். சில வரைபடங்களில் அதுவும் இராது. இத்தகைய நிலத்தின் குறுக்கே மூன்று கிலோமீட்டர் நீளச் சமதளம் ஒன்றைப் போட்டால், மேட்டுக் கண்மாயின் மறுகால் நீர் எங்கே போகும்? கீழ்க்கண்மாயை நம்பியுள்ள வயல்களுக்கு எங்கிருந்து நீர் வரும்? சாலைக்கும் ஆலைக்கும் புதிய குடியிருப்புக்கும் இவ்வினாக்கள் பொருந்தும். இவற்றுக்கு விடைதேட வேண்டிய நேரம், வரைபடம் மேசைமேல் இருக்கும்போதுதான்.

கற்பவை கற்றபின்

1. உம் பள்ளியின் ஒரு மாத மின்கட்டண அட்டையைப் பார்த்து, அத்தேவையை நிறைவு செய்ய எத்தனை கிலோவாட் சூரியத் தகடுகள் வேண்டும் எனக் கணக்கிடுக.

2. உம் ஊர்க் கண்மாய் அல்லது ஏரிக்கு நீர் வரும் வழியையும், மறுகால் நீர் செல்லும் வழியையும் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்து வரைபடமாக வரைக. அவ்வழியில் இன்று நிற்கும் கட்டுமானங்களையும் அதில் குறித்துக் காட்டுக.

3. 'கொச்சி வானூர்தி நிலையத்திற்கு விருது வழங்கியது பொருத்தமே' என்னும் தலைப்பில் ஒட்டியும் வெட்டியும் வகுப்பில் பேசுக.