வீட்டுக் கடன் பத்திரங்களும் மைய வங்கியும்

மும்பை விக்ரோலியில் கடன் பெற்று வீடு வாங்கும் தொழிலாளி, பதினைந்து இருபது ஆண்டுகள் தவணை செலுத்துகிறார். கடன் அளித்த நிறுவனத்தின் முதலும் அதுவரை முடங்குகிறது. இத்தகைய கடன்களைத் தொகுத்து, தவணை வரவின் ஆதாரத்தில் பத்திரங்கள் வெளியிட்டால் முதல் உடனே திரும்பும். புதிய கடன் வழங்கலாம். இவையே அடமான ஆதாரப் பத்திரங்கள்.

இந்தியாவில் இம்முறையை 2000-இல் தொடங்கிவைத்தது தேசிய வீட்டுவசதி வங்கி. 1988-இல் ரிசர்வ் வங்கியின் மூலதனத்துடன் அமைந்த இவ்வங்கியின் பங்குகள் 2019 மார்ச்சில் ரூ. 1,450 கோடிக்கு மத்திய அரசின் வசமாயின.

அமெரிக்காவில் மைய வங்கியே இப்பத்திரங்களை வாங்கியது. 2008-ஆம் ஆண்டு நெருக்கடியைத் தொடர்ந்து, 2010 மார்ச்சுக்குள் 1.25 லட்சம் கோடி டாலர் மதிப்புக்கு அது வாங்கியது. 2022-இல் இருப்பு சுமார் 2.7 லட்சம் கோடி டாலர். வாங்குவது எளிது, விடுபடுவது அரிது. வட்டி உயர்ந்ததும் பழைய கடனை முன்கூட்டி அடைப்போர் குறைந்தமையால் இருப்பு மெதுவாகவே கரைகிறது.

நமது ரிசர்வ் வங்கியோ வெளிச்சந்தையில் அரசுப் பத்திரங்களையே வாங்கி விற்கிறது. விக்ரோலித் தொழிலாளியின் தவணையை அது பெரிதும் ரெப்போ வட்டியின் வழியாகவே தொடுகிறது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் வழங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் புற அளவுகோலுடன் இணைக்கப்பட்டிருப்பது இதனாலேயே முக்கியத்துவம் பெறுகிறது.